காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்ய முடியுமா? வீட்டில் 'கோல்ட் பிராசஸ்' சோப்பு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

குப்பைமேனி சோப்பு, ஆவாரம்பூ சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு, நலங்கு மாவு சோப்பு... இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ஏதாவது ஒரு வீட்டுத் தயாரிப்பு சோப்பு கண்ணில் படாமல் இருக்காது. "நூறு சதவீதம் இயற்கை, கெமிக்கலே கிடையாது" என்ற வாசகமும் கூடவே வரும். அதைப் பார்த்துவிட்டு, "இதை நாமே செஞ்சா என்ன?" என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால், அதில் என்ன பூ போட்டோம், என்ன மூலிகை போட்டோம் என்பதை வைத்து அந்த சோப்பு நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது. அதை முடிவு செய்வது இரண்டே விஷயங்கள்: காஸ்டிக் சோடாவும், அதை அளக்கும் தராசும். பல வீடியோக்கள் வேகமாகக் கடந்து போகும் இடமும் இதுதான்.

அளவு என்ன, ஆபத்து எங்கே இருக்கிறது, செய்ததை விற்கலாமா? விரிவாகப் பார்ப்போம்.

'கோல்ட் பிராசஸ்' என்றால் என்ன?

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. அவ்வளவுதான் அடிப்படை. எண்ணெயில் இருக்கும் கொழுப்பு, சோடியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் பிரிகிறது. கொழுப்புக்குள் என்ன இருக்கிறது, சோப்பு எப்படி உருவாகிறது என்பதை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல்.

இந்தக் கலவையை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அது 'ஹாட் பிராசஸ்'. அடுப்பில் வைக்காமல், வினையில் கிளம்பும் சூட்டிலேயே தானாக சோப்பாக விட்டுவிட்டால் 'கோல்ட் பிராசஸ்'. பெரிய ஆலைகள் பலவற்றில் கிளிசரினைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவார்கள். கோல்ட் பிராசஸில் அது சோப்புக்குள்ளேயே தங்கிவிடும்.

கடையில் கிடைக்கும் 'சோப் பேஸ்' கட்டியை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றுவது வேறு முறை. அதற்குப் பெயர் 'மெல்ட் அண்ட் போர்'. அங்கே காஸ்டிக் வேலை ஏற்கெனவே ஆலையில் முடிந்துவிட்டது. ரீல்ஸில் பத்து நிமிடத்தில் சோப்பு தயாராகிறது என்றால் பெரும்பாலும் இந்த முறைதான்.

'கெமிக்கல் இல்லாத சோப்பு' உண்மையா?

இல்லை. காரம் இல்லாமல் சோப்பு கிடையாது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் சோப்பை 'சவர்க்காரம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'காரம்' உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் வீட்டு சோப்பில் காஸ்டிக் சோடா இருக்குமா? சரியான அளவில் செய்திருந்தால் இருக்காது. போட்ட காஸ்டிக் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறிவிடும். அளவு தப்பினால் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் தோலைப் பதம் பார்க்கும்.

இன்னொரு விளம்பரம்: 'பிஹெச் 5.5 கொண்ட வீட்டு சோப்பு'. எண்ணெயில் இருந்து செய்த உண்மையான சோப்பு எதுவானாலும் காரத்தன்மை கொண்டதுதான். அதன் பிஹெச் அளவு பொதுவாக 9 முதல் 10 வரை இருக்கும். அதை 5.5-க்கு இறக்கினால் சோப்பு மறுபடி கொழுப்பு அமிலமாகப் பிரிந்து, சோப்பாகவே இருக்காது.

எந்த காஸ்டிக் சோடா வாங்க வேண்டும்?

பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'எரிசோடா' என்று படித்ததுதான் இது. பெயரில் சோடா இருக்கும் எல்லாம் ஒன்று கிடையாது. ஆப்ப சோடா வேறு, சலவை சோடா வேறு. இவற்றை வைத்து இந்த முறையில் சோப்பு செய்ய முடியாது.

• லேபிளில் 'சோடியம் ஹைட்ராக்சைடு' என்றும், தூய்மை அளவும் குறிப்பிட்டிருக்க வேண்டும். 98 சதவீதத் தூய்மை போதும்.
• சாக்கடை அடைப்பு நீக்கும் பவுடரைப் பயன்படுத்தவே கூடாது. அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும்.
• 'பொட்டாசியம் ஹைட்ராக்சைடு' திரவ சோப்புக்கானது. இதற்குப் பதில் அதைப் போடக் கூடாது.
• காஸ்டிக் செதில்கள் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நமுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்ட பழைய பாக்கெட்டை எடை போட்டால் தண்ணீரின் எடையும் சேர்ந்தே வரும். கணக்கு தப்பும்.

டம்ளர் கணக்கு ஏன் உதவாது?

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காஸ்டிக் அளவு வேறு வேறு. 100 கிராம் எண்ணெய் முழுவதுமாக சோப்பாக மாறத் தேவையான சோடியம் ஹைட்ராக்சைடு, தோராயமாக:

• தேங்காய் எண்ணெய் - 18.3 கிராம்
• பாமாயில் - 14.1 கிராம்
• வேப்ப எண்ணெய் - 13.8 கிராம்
• கடலை எண்ணெய் - 13.6 கிராம்
• ஆலிவ் எண்ணெய் - 13.5 கிராம்
• நல்லெண்ணெய் - 13.4 கிராம்
• விளக்கெண்ணெய் - 12.8 கிராம்

தேங்காய் எண்ணெய்க்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். "தேங்காய் எண்ணெய் விலை ஏறிப்போச்சு, அதுக்குப் பதிலா வேற எண்ணெய் ஊத்திக்கலாம்" என்று அளவை மாற்றாமல் செய்தால், காஸ்டிக் மிச்சமாகும். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். இதற்கென்றே இணையத்தில் இலவச 'சோப் கால்குலேட்டர்'கள் இருக்கின்றன. எண்ணெயின் பெயரையும் எடையையும் கொடுத்தால் காஸ்டிக் அளவைச் சொல்லிவிடும்.

பாதுகாப்புக்காக, கணக்கில் வரும் காஸ்டிக்கில் 5 சதவீதம் குறைத்துப் போடுவது வழக்கம். இதை 'சூப்பர்ஃபேட்' என்பார்கள். சிறிது எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும். அது தோலுக்கும் நல்லது, அளவில் நேரும் சின்னப் பிசகையும் தாங்கும்.

முதல் முறை செய்பவர்களுக்கான அளவு

• தேங்காய் எண்ணெய் - 250 கிராம்
• ஆலிவ் எண்ணெய் - 200 கிராம்
• விளக்கெண்ணெய் - 50 கிராம்
• சோடியம் ஹைட்ராக்சைடு - 75 கிராம்
• தண்ணீர் - 150 கிராம்

கணக்கு எப்படி வந்தது? தேங்காய் எண்ணெய்க்கு 45.75, ஆலிவுக்கு 27, விளக்கெண்ணெய்க்கு 6.4. கூட்டினால் சுமார் 79 கிராம். அதில் 5 சதவீதம் கழித்தால் 75. தண்ணீர், காஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு. மொத்தத்தில் 100 கிராம் எடையில் ஏழு சோப்பு கிடைக்கும்.

இதே அளவில், தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகவும் ஆலிவ் எண்ணெயையே ஊற்றினால் என்ன ஆகும்? அப்போது மொத்தத் தேவையே சுமார் 67 கிராம்தான். நீங்கள் போட்ட 75-இல் ஏறத்தாழ 8 கிராம் காஸ்டிக் சோப்புக்குள் அப்படியே நிற்கும். பார்வைக்கு சோப்பு அழகாகவே இருக்கும். தேய்த்துக் குளிக்கும்போதுதான் தெரியும்.

மில்லியும் கிராமும் ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. 500 மில்லி எண்ணெயின் எடை சுமார் 460 கிராம்தான். இந்த எண்ணெய்களை 500 கிராமுக்குப் பதில் 500 மில்லி அளந்து ஊற்றினால், 5 சதவீதப் பாதுகாப்பும் போய், 2 கிராமுக்கு மேல் காஸ்டிக் கூடுதலாகிவிடும். தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள்.

எண்ணெய் வாங்கும்போதும் கவனம் தேவை. வாசனை போட்ட தலை எண்ணெய்கள் சிலவற்றில் மினரல் ஆயில் கலந்திருக்கும். மினரல் ஆயில் காஸ்டிக்கோடு சேரவே சேராது. பூஜைக்கு விற்கும் தீப எண்ணெயில் என்னென்ன எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது தெரியாததால், கணக்குப் போட வழியில்லை. சமையலுக்கு விற்கும் கலப்பில்லாத எண்ணெய்தான் சரி.

எந்தப் பாத்திரம், என்ன பாதுகாப்பு?

அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் பட்டதும் அலுமினியம் அரிக்கப்பட்டு, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியாகும். எவர்சில்வர் பாத்திரமோ, சூடு தாங்கும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் பாத்திரமோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாத்திரம் சூட்டில் விரிசல் விடக்கூடும். சோப்புக்கு எடுத்த பாத்திரம், கரண்டி, பிளெண்டர் எதையும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், அவர்கள் பள்ளிக்குப் போன நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

செய்முறை: படிப்படியாக

1. 150 கிராம் தண்ணீரைப் பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகத் திரியும். ஆர்.ஓ. தண்ணீரோ காய்ச்சி வடித்த நீரோ பயன்படுத்தலாம்.

2. 75 கிராம் காஸ்டிக்கை அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே இடத்தில் சூடு ஏறி, கொதித்துத் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் கரைசல் 80 டிகிரிக்கு மேல் சூடாகலாம். ஆவி வரும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

3. கரைசலைப் பாதுகாப்பான இடத்தில் ஆறவிடுங்கள். ஆறியதும் அது பார்க்கத் தண்ணீர் போலவே தெளிந்திருக்கும். மிக ஆபத்தான நேரம் இது. தண்ணீர் பாட்டிலிலோ டம்ளரிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பாத்திரத்தின் மேல் 'விஷம்' என்று எழுதி ஒட்டுங்கள்.

4. எண்ணெய்களைத் தனித்தனியாக எடைபோட்டு ஒன்றாகக் கலந்து, லேசாகச் சூடாக்குங்கள். எண்ணெய், கரைசல் இரண்டும் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கட்டும்.

5. கரைசலை எண்ணெயில் மெதுவாக ஊற்றுங்கள். கை பிளெண்டரைப் பாத்திரத்தின் அடியில் வைத்து, 10-15 விநாடி ஓட்டுவதும் நிறுத்திவிட்டுக் கலக்குவதுமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிளெண்டரை ஓடும்போதே வெளியே எடுத்தால் கலவை தெறிக்கும்.

6. சில நிமிடங்களில் கலவை கெட்டிப்படும். கரண்டியில் எடுத்து மேலே ஊற்றினால், அந்தக் கோடு உடனே மறையாமல் நிற்க வேண்டும். இதை 'டிரேஸ்' என்பார்கள். நறுமண எண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் இப்போது சேர்க்கலாம். 500 கிராம் எண்ணெய்க்கு 15 கிராமைத் தாண்ட வேண்டாம்.

7. சிலிகான் அச்சிலோ, பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டியிலோ ஊற்றி, மேலே மூடி வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் இறுகிவிடும். கையுறையோடு எடுத்துத் துண்டு போடுங்கள்.

நான்கு வாரம் ஏன் காத்திருக்க வேண்டும்?

முதல் ஓரிரு நாளிலேயே வினை பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகான காத்திருப்பு, சோப்புக்குள் இருக்கும் தண்ணீர் வற்றவும், சோப்பு இறுகவும், தோலுக்கு இதமாகவும்தான். காற்றோட்டமான நிழலில், ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி, 4 முதல் 6 வாரம் விடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் இரண்டே குளியலில் கரைந்துபோகும்.

தயாராகிவிட்டதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு சோப்பை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் சோப்பு தயார்.

மஞ்சள், குப்பைமேனி போட்டால் என்ன ஆகும்?

ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் இல்லையா? அதே வேதியியல்தான் இங்கேயும். காரம் பட்டதும் மஞ்சள் சிவந்து, நாளாக ஆக மங்கிவிடும். குப்பைமேனி, வேப்பிலை போன்ற பச்சிலைகள் பெரும்பாலும் பழுப்பாக மாறும். மாதக்கணக்கில் பளிச்சென்று பச்சையாகவே இருக்கும் மூலிகை சோப்பில், நிறமி சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

பால், தேன், வெல்லம் போன்றவற்றில் உள்ள சர்க்கரை கலவையின் சூட்டை வேகமாக ஏற்றும். அச்சில் இருந்து பொங்கி வழியவும் கூடும். முதல் முறையே ஆட்டுப்பால் சோப்பில் இறங்க வேண்டாம்.

எந்த சோப்பைத் தூக்கிப் போட வேண்டும்?

• மேலே மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பயம் வேண்டாம். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு உருவான சோடியம் கார்பனேட் அது. லேசாகச் சீவிவிடலாம்.
• வெட்டும்போது உள்ளே வெள்ளைக் கட்டிகளோ, நீர் கோத்த குழிகளோ தெரிந்தால், கலக்காத காஸ்டிக்காக இருக்கலாம். உடம்பில் போடக் கூடாது.
• சுண்ணாம்புக் கட்டி போல நொறுங்கினால் காஸ்டிக் கூடியிருக்க வாய்ப்பு உண்டு. அதையும் ஒதுக்கிவிடுங்கள்.
• ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தால், மிஞ்சிய எண்ணெய் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

சந்தேகம் இல்லாத சோப்பையும், முதலில் முன்கையின் உட்பக்கத்தில் சிறிது தேய்த்துக் கழுவி, ஒருநாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பச்சிளங் குழந்தைகள், எக்ஸிமா, சொரியாசிஸ் உள்ளவர்கள் விஷயத்தில் தோல் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

காஸ்டிக் மேலே பட்டால் உடனே என்ன செய்வது?

காஸ்டிக் பட்ட இடத்தில் முதலில் வலி பெரிதாகத் தெரியாமலும் போகலாம். ஆனால் அது உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். அதனால் வலிக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

• தோலில் பட்டால்: உலர்ந்த செதில் ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிடுங்கள். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, குழாய் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். வினிகர், எலுமிச்சைச் சாறு ஊற்ற வேண்டாம்.
• கண்ணில் பட்டால்: இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு ஓடும் நீரில் தொடர்ந்து கழுவுங்கள். கழுவிய கையோடு மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் பார்வையே பறிபோகலாம்.
• குழந்தை விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போன வழியெல்லாம் புண்ணாக்கிய திரவம், திரும்பி வரும்போது இன்னொரு முறை புண்ணாக்கும். வாயை மட்டும் கழுவிவிட்டு, 108-ஐ அழையுங்கள். காஸ்டிக் பாக்கெட்டையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

விழுங்கிய குழந்தை பிழைத்துக்கொண்டாலும் பிரச்சினை அதோடு முடிவதில்லை. புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கிப்போகும். சாதம் விழுங்கவே முடியாமல், குழாயை விரிக்கும் சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி வரும். மிச்சமான காஸ்டிக்கைப் பூட்டி வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

செய்த சோப்பை விற்கலாமா?

வீட்டு உபயோகத்துக்குச் செய்ய உரிமம் தேவையில்லை. விற்பனைக்கு என்றால் கதை வேறு.

1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டத்தில், அழகு சாதனம் என்ற வரையறையில் இருந்து சோப்புக்கு முதலில் விலக்கு இருந்தது. 1982-ல் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இப்போது குளியல் சோப்பை விற்பனைக்காகத் தயாரிக்க, 2020-ம் ஆண்டின் அழகு சாதனப் பொருட்கள் விதிகளின்படி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். சிஓஎஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்தால், சிஓஎஸ்-8 படிவத்தில் உரிமம் கிடைக்கும். அதற்குத் தனி இடம், சுகாதார வசதி, தகுதியுள்ள தொழில்நுட்ப ஆளின் மேற்பார்வை ஆகியவை வேண்டும்.

• உத்யம் பதிவு, ஜிஎஸ்டி எண், உணவுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ சான்று எதுவும் இந்த உரிமத்துக்கு ஈடாகாது.
• சோப் பேஸை உருக்கி, அச்சில் ஊற்றி, லேபிள் ஒட்டி விற்பதும் சட்டத்தின் பார்வையில் 'தயாரிப்பு'தான். வாட்ஸ்அப் ஆர்டருக்கும் இது பொருந்தும்.
• தோல் நோய் தீரும் என்று லேபிளில் எழுதினால், அந்த சோப்பு 'மருந்து' என்ற வரையறைக்குள் போய்விடும். அதற்கான விதிகள் இன்னும் கடுமையானவை.
• சொந்தமாக ஆலை வைக்க முடியாதவர்கள், உரிமம் உள்ள வேறொரு ஆலையில் தங்கள் பெயரில் தயாரித்துக்கொள்ள 'லோன் லைசென்ஸ்' வழியும் இருக்கிறது.

வாங்குபவர்களும் லேபிளைத் திருப்பிப் பார்க்கலாம். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்க்கப்பட்ட பொருட்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். 'கெமிக்கல் இல்லை' என்ற ஒற்றை வரி இதற்கெல்லாம் பதில் ஆகாது.

தராசு இல்லை, குழந்தைகளைத் தள்ளி வைக்கத் தனி இடமும் இல்லை என்றால், வீட்டு உபயோகத்துக்கு சோப் பேஸ் முறையே போதும். கோல்ட் பிராசஸ்தான் வேண்டும் என்பவர்கள், பூவும் வாசனையும் வாங்குவதற்கு முன் ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள்.